அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடியில் உட்கார்ந்திருந்ததால் 'மாடி' என்றே ஆகிவிட்டது. "மாடி, ரெண்டாம் நம்பர் கேக்குது பாரு!", "மாடி முழிச்சிருக்கா, தூங்குதா?" என்று கீழேயிருந்து குரல் வரும். கீழே பன்னிரண்டு கம்ப்யூட்டர் மெஷின்கள் இருந்தன. இரும்பைக் குடைந்து பம்ப்புக்கு மூடியும் உறையும் செய்கிறவை. பார்க்கத்தான் பெரிய ஆகிருதி, சொந்தப் புத்தி எள்ளளவும் கிடையாது. எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும், எவ்வளவு உயரத்தில் தாண்ட வேண்டும் என்று வரிவரியாக எழுதின புரோகிராம் மாடியிலிருந்து கேபிள் வழியாக இறங்கி வந்தால்தான் அசையும். அந்தப் புரோகிராம்கள் அத்தனையும் அவள் கம்ப்யூட்டரில் இருந்தன.

இதில் ஒரு நடைமுறை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கீழே நிற்கிறவர் மெஷினிலேயே நம்பரைத் தட்டிக் கேட்டால் போதும், கம்ப்யூட்டர் தானாக அனுப்பிவிடும். ஆனால் வேலையின் நடுவில் அவர் ஏதாவது ஒரு வரியை மாற்றினால், ஷிப்ட் முடிவதற்குள் அதை மாடிக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். மெஷினுக்கு ஞாபகம் கொஞ்சம்தான். அடுத்த ஷிப்ட்காரர் வேறு வேலை ஏற்றினால் முந்தினது அழிந்துவிடும். திரும்பி வந்தது கம்ப்யூட்டரில் தனிப் பெட்டியில் காத்திருக்கும். மாடி பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, 'சரி' என்று குறி போட வேண்டும். அதுவரைக்கும் அந்த நம்பரை எந்தக் கொம்பன் கேட்டாலும் கம்ப்யூட்டர் தராது. 'சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது' என்று மெஷின் திரையில் ஓடும், அவ்வளவுதான்.

ஆக, ஒரு புரோகிராம் கீழே வந்துவிட்டது என்றால் மாடி பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். அதை நம்பித்தான் அத்தனை பேரும் பட்டனை அழுத்தினார்கள். எல்லாரையும்விட அதிகமாக நம்பினவன் ஏழாம் நம்பர் மெஷின்காரன். அவன் அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணன் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ரகம். பதினாறு வருஷம் மெஷினோடு நின்றவன். வேலை இடத்தில் அவளை மற்றவர்களைப் போல 'மாடி' என்றுதான் கூப்பிடுவான். "என் தங்கச்சிதானேன்னு எவனும் இளக்காரமா பேசிடக்கூடாது பாரு" என்பான். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் 'பாப்பா' ஆகிவிடுவாள். முப்பத்திரண்டு வயசுப் பாப்பா. அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு இருந்தது அண்ணன், அண்ணி, அந்த வீடு, இந்த வேலை.

அண்ணிக்கு ஒரு சட்டம் இருந்தது. "செருப்போட சேத்து மெஷினையும் வாசல்ல கழட்டிட்டு வாங்க. வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே கூடாது." மீறினால் கரண்டியால் மேசையைத் தட்டுவாள். அண்ணனும் தங்கையும் திருட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போல ஐந்து மணிக்கே கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் ஆறரைக்கு வந்தான். மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "பாப்பா, ஏழுல ஒன்னு..." என்று ஆரம்பித்தான்.

டக் என்று கரண்டி விழுந்தது. "ஆரம்பிச்சாச்சா!"

"இல்லம்மா, ஒரே ஒரு வார்த்தை..."

"ஒரு வார்த்தையும் வேணாம், அரை வார்த்தையும் வேணாம். சோறு ஆறுது."

"சரி தாயே, நாளைக்கு அங்கயே சொல்லிக்கறேன்" என்று அவன் கையெடுத்துக் கும்பிட, மூவரும் சிரித்தார்கள். எவ்வளவு சாதாரணமான சிரிப்பு அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் போய் உட்கார்ந்தபோது, பெட்டியில் முப்பத்தேழு புரோகிராம்கள் காத்திருந்தன. இரண்டு வாரமாக அவளைப் புது வேலைகளுக்கு எழுதச் சொல்லி உயிரை எடுத்ததில் பழையதைப் பார்க்க நேரமில்லாமல் சேர்ந்துபோனவை. ஒன்பது மெஷின்களின் திரையில் 'காத்திருக்கிறது' ஓடிக்கொண்டிருந்தது. உற்பத்தி மேனேஜர் மாடிப்படி அதிர ஏறி வந்தார். அவருக்குத் தொழிலாளிகள் வைத்த பேர் சட்டுபுட்டு. எதைக் கேட்டாலும் "சட்டுபுட்டுனு முடி" என்பார். பாவம், வீட்டில் தாலாட்டுகூட அப்படித்தான் பாடியிருப்பார்.

"ஒன்பது மெஷின் நிக்குது! எட்டு மணிக்கு ஓடணும்."

"சார், ஒவ்வொன்னா பாக்கணும். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா? அம்மா, எப்படித் திறப்பியோ எனக்குத் தெரியாது. சட்டுபுட்டுனு திற." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எப்படி என்பதை மட்டும் சொல்லாமல் போகிற மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பாடு எப்போதும் நிம்மதி.

அவள் மேலிருந்து ஆரம்பித்தாள். முதல் புரோகிராமில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள், வேறொன்றுமில்லை. இரண்டாவதில் தண்ணீர் விடுவதை ஒரு வரி முன்னால் வைத்திருந்தார்கள். மூன்றாவதில் மாற்றமே இல்லை, யாரோ சும்மா அனுப்பியிருந்தார். பதினொன்று பார்த்தாள். பதினொன்றும் உப்புப் பெறாதவை. நிமிர்ந்தால் ஏழு ஐம்பது. கீழே சட்டுபுட்டு அண்ணாந்து மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மீதி இருபத்தாறையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். அழித்தால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும், எல்லா நம்பருக்கும் பழைய புரோகிராமே போகும். பழையது ஓடிய புரோகிராம்தானே, என்ன கெட்டுப்போகும், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று நினைத்தாள். திரையில் 'காத்திருக்கிறது' ஒவ்வொன்றாக அணைந்தது. மெஷின்கள் உறுமத் தொடங்கின. அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

எட்டு இருபதுக்கு ஒரு சத்தம் கேட்டது. மெஷின் சத்தத்துக்குப் பழகின காதுக்கும் அது வேறு சத்தம் என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் மனுஷக் குரல்கள்.

படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினாள். ஏழாம் நம்பர் மெஷினின் கதவுக் கண்ணாடியில் கையகல ஓட்டை. கீழே அண்ணன் மல்லாந்து கிடந்தான். இடது கண் இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. விழும்போது பின்மண்டை கருவி வண்டியின் விளிம்பில் அடித்து, அங்கேயும் ரத்தம். நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எட்டாம் நம்பர்காரர் மெஷினுக்குள், இரும்பை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பையும் வெட்டுகிற கட்டரையும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கிளாம்ப்ல மோதியிருக்கு. நேத்துதான் தேஞ்சுபோன கிளாம்ப்பை எடுத்துட்டு உயரமா புதுசு போட்டாரு. பழசு இருபது மில்லிதான், இது முப்பத்திரண்டு. கட்டர் பழைய உயரத்துலயே தாண்டியிருக்கு. உடஞ்ச துண்டுதான் கண்ணாடியைப் பிச்சுக்கிட்டு வந்திருக்கு."

"அவர் உயரத்தை மாத்தலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நேத்து மாத்தித்தானே ஓட்டினாரு. திருப்பி அனுப்பினாரா இல்லையான்னு மாடிக்குத்தான் தெரியும்."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியைப் பார்க்க நடந்தாள்.

மேலே ஏறிப் போய்க் கம்ப்யூட்டரின் பதிவேட்டைத் திறந்தாள். எது எப்போது போனது, எது எப்போது வந்தது என்று அது ஒன்றுவிடாமல் குறித்து வைத்திருக்கும். நேற்று மாலை ஐந்து ஐம்பத்திரண்டு, ஏழாம் மெஷினிலிருந்து வந்தது. இன்று காலை ஏழு ஐம்பத்தொன்று, அழிக்கப்பட்டது. அழித்தவர் என்ற இடத்தில் அவள் பேர். ஊரே மறந்துபோன அவளுடைய உண்மையான பேரை அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் எழுத்துப் பிசகாமல் வைத்திருந்தது.

தினம் மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைக்கும். அதில் தேடினாள், இருந்தது. புரோகிராமில் அடைப்புக்குறிக்குள் எழுதுவதை மெஷின் படிக்காது, தாண்டிப் போய்விடும். அது மனுஷனுக்கு மனுஷன் எழுதுகிற இடம். முதல் வரியிலேயே அண்ணன் எழுதியிருந்தான். மெஷினுக்குத் தமிழ் தெரியாததால் இங்கிலீஷ் எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிய தமிழ்.

(பாப்பா. கிளாம்ப் உயரம். 25 போதாது. 40 போட்டிருக்கேன். பாத்துட்டு விடு.)

வேலை இடத்தில் ஒரு நாளும் அவன் அவளைப் பாப்பா என்றதில்லை. இதை அவளைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் அண்ணனுக்கு நினைவு திரும்பியது என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டுபுட்டு அவளை ஓரமாக அழைத்துப் போனார். அந்த மனுஷன் அன்றைக்குத்தான் மெதுவாகப் பேசினார்.

"அரசாங்கத்துல இருந்து ஆய்வாளர் சனிக்கிழமை வர்றாங்க. பதிவேட்டை அச்செடுத்துக் கேப்பாங்க. அதுல என்ன இருக்குன்னு நான் பாக்கல, பாக்கவும் போறதில்ல. ஒன்னு யோசி. அவனால இனிமே மெஷின்ல நிக்க முடியாது, தெரியும்ல? ரெண்டு பேரும் ஒரே வீடு. ஒருத்தராவது வேலையில இருக்கணும்." குரலை இன்னும் தாழ்த்தி, "நீ உள்ள போனா அவனை யார் பாத்துப்பா?" என்றார்.

அவருக்கு அவருடைய பயம். போன வருஷம் ஏழாம் நம்பரின் கதவுக் கண்ணாடி விரிசல் விட்டபோது, கெட்டிக் கண்ணாடி வரத் தாமதமாகும் என்று சாதாக் கண்ணாடியை ஒட்டச் சொன்னவர் அவர்தான். புரோகிராம் தப்பு என்று போனால் எல்லாவற்றையும் தோண்டுவார்கள். கட்டிலில் கிடக்கிறவன் தப்பு என்றால் அத்தோடு முடிந்துவிடும். இது அவளுக்கும் புரிந்தது. புரிந்தும் அவள் சரி என்று தலையை ஆட்டினாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

உள்ளே அண்ணி கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தாரே, நான்தான் பாவி, வாயை அடைச்சேன். என்ன சொல்ல வந்தாரு? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியல அண்ணி."

முதல் பொய் அதுதான். ரொம்பச் சின்னது. வந்த சுவடே தெரியவில்லை.

அண்ணன் வலது கண்ணால் அவளைத் தேடிப் பிடித்தான். நாக்குக் குழறியது.

"பாப்பா, எனக்குச் செவ்வாய்க்கிழமை முழுசா ஞாபகம் வரல. கிளாம்ப் மாத்தினது ஞாபகம் இருக்கு. உயரம் மாத்தினதும் இருக்கு. அதுக்கப்புறம் ஒன்னுமே இல்ல, வெறும் இருட்டு. நான் அதைத் திருப்பி அனுப்பினேனா?"

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"சொல்லும்மா. உன் லிஸ்ட்ல இருக்கும்ல. அனுப்பினேனா இல்லையா? அது தெரியாம மண்டை வெடிக்குது."

கேட்கிறவன் சண்டைக்குக் கேட்கவில்லை. தன்னைத் தானே சந்தேகப்பட்டுக் கேட்டான். ஒரே ஒரு வார்த்தை. 'அனுப்பினே அண்ணா, நான்தான் பாக்கல' என்று சொல்லியிருந்தால் அவன் அந்தக் கட்டிலிலேயே அவளை மன்னித்திருப்பான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அண்ணி மன்னித்திருப்பாளா என்றால் அது வேறு விஷயம். அவள் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அழுது அழுது வீங்கின முகம்.

"லிஸ்ட்ல இல்லண்ணா" என்றாள்.

அவன் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். "அப்ப நான்தான்" என்றான். "அப்ப என் தப்புதான். விடு."

சொல்லிவிட்ட பொய்யை நிஜமாக்குகிற வேலை பாக்கி இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பதிவேட்டைத் திறந்து ஏழாம் மெஷினின் அந்த இரண்டு வரிகளை நீக்கினாள். மேலே இருந்ததும் கீழே இருந்ததும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன. பிறகு நகல் வட்டில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்த ஒரு வரியை மறுபடி படித்தாள், மறுபடி படித்தாள், மனப்பாடம் ஆகும்வரை படித்தாள். அப்புறம் அழித்தாள்.

ஆய்வாளர் ஒரு அம்மா, கறாரானவர். தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தபோது பன்னிரண்டு மெஷினிலும் புத்தம் புதுக் கெட்டிக் கண்ணாடி மின்னியதாம். சட்டுபுட்டு தன் வாழ்நாளிலேயே நிஜமாகச் சட்டுபுட்டென்று செய்த வேலை அதுவாகத்தான் இருக்கும். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து அண்ணனிடம் கேட்டார்.

"நான்தாம்மா அனுப்ப மறந்துட்டேன்" என்றான் அண்ணன். "பதினாறு வருஷத்துல மறந்ததே இல்ல. அன்னிக்கு எப்படியோ."

ஆய்வாளர் திரும்பி அவளிடம் தாளைக் காட்டினார். "ஏழாம் மெஷினுக்கு இது முழுப் பட்டியலா?"

"முழுசுதான்."

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி. கூடப் பிறந்தவ."

ஆய்வாளரின் பேனா நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார். இதோ பிடித்துவிட்டார், பிடித்துவிடட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

"கூடப் பிறந்த அண்ணன். உங்களால அவருக்குச் சாதகமா சொல்லியிருக்க முடியும். சொல்லல" என்றார் ஆய்வாளர். குரல் இளகியிருந்தது. "இதுக்கு மேல நான் விசாரிக்க ஒன்னுமில்ல." கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

மூன்று மாதம் ஆனது. கம்பெனி பெரிய மனசு பண்ணி அண்ணனைக் கருவி அறையில் உட்கார வைத்தது. தப்பு உங்களுடையதாக இருந்தும் வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு கடிதமும் கொடுத்தார்கள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். ஒற்றைக் கண்ணோடு கட்டர்களை எண்ணி எடுத்துக் கொடுப்பான். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வாசலில் வந்து நின்றுகொள்வான். போகிற ஒவ்வொருவரையும் மறித்து, "அனுப்பிட்டியாப்பா? ஏதாவது மாத்தினியா? அனுப்பாம போகாதே. நான் அனுப்பாம போனேன், என்னைப் பாரு" என்பான். முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு சிலர் பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கினார்கள். அந்தக் குரல் தினமும் மாடி ஜன்னல் வழியாக ஏறி வரும். அவள் இப்போதெல்லாம் ஐந்து மணிக்குக் கிளம்புவதில்லை. பெட்டியில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். யாருக்காக?

வீட்டில் அண்ணியின் சட்டம் ரத்தாகிவிட்டது. "எது பேசணுமோ பேசுங்க, நான் தடுக்கல" என்று அவளே சொன்னாள். பேசத்தான் யாருக்கும் எதுவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் கைப்பிடியைத் தடவித் தடவி மாடிக்கு ஏறி வந்தான். அந்த அறைக்குள் அவன் வந்தது அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டரை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இதுலதான் எல்லாம் வருமா?"

"ஆமா."

"ஒரு உதவி பண்ணணும். எல்லா புரோகிராம்லயும் முதல் வரியில, அடைப்புக்குறிக்குள்ள, ஒன்னு எழுதணும். மெஷின் படிக்காதுல்ல, மனுஷன் படிப்பான். சட்டுபுட்டுகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

"என்ன எழுதணும்?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தான். "'மாத்தினதை அனுப்பாம போகாதே. நான் அனுப்பல. ஏழாம் நம்பர்.' இவ்வளவுதான். யாராவது ஒருத்தன் அதைப் படிச்சு நின்னா போதும்."

அவள் தாளைக் கையில் வாங்கவில்லை. அவன் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நானே சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், கேக்க மாட்டேங்கறானுங்க" என்றான். "எனக்கு ஒன்னுதான் மனசு ஆறல. நான் மட்டும் அனுப்பியிருந்தேன்னா நீ பாத்திருப்பே. பாத்தா நீ விடவே மாட்டே. உன்மேல எனக்கு அந்த நம்பிக்கை எப்பவும் உண்டு பாப்பா."

வேலை இடத்தில் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளைத் தவிர மற்ற எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்; அழித்துவிட்ட அந்த அடைப்புக்குறி வரி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடைப்புக்குறியைப் போட்டு, அவன் வாசிக்க வாசிக்க எழுத்து எழுத்தாகத் தட்டினாள். 'நான் அனுப்பல' என்ற இடத்தில் விரல் நின்றது. "சரியா இருக்கா?" என்று அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டான். "சரியா இருக்குண்ணா" என்றாள்.

'பன்னிரண்டு மெஷினுக்கும் அனுப்பவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் ஆமாம் என்று அழுத்தினாள்.